கார்டில் இல்லாதவர்களின் தண்ணீர்

கரட்டுமேடு
12.2.2004

செங்காட்டூர் பேரூராட்சித் தலைவர் ஆத்தப்பனுக்கு,

கரட்டுமேடு பேரூராட்சித் தலைவியும் உன் கூடப் பிறந்தவளுமான வேலாத்தாள் எழுதுவது. உன்னோடு பேசி இருபத்தொரு வருஷம். நேற்றுக் கூட்டத்திலும் பேசவில்லை. எழுதுவது பேச்சில் சேராது.

இரண்டு ஊரும் சேர்ந்து ஒப்பந்தம் போட்டால்தான் ஆற்றுத் தண்ணீருக்குக் குழாய் போடுவோம் என்கிறது குடிநீர்க் கம்பெனி. போடலாம். ஆனால் ரேஷன் கார்டை எண்ணித்தான் பங்கு பிரிக்க வேண்டும் என்று நீ எழுதச் சொன்னாயாம். பனியன் கம்பெனி வேலைக்கு வந்து எங்கள் லைன் வீடுகளில் மூவாயிரம் பேர் இருக்கிறார்கள். அவர்கள் கார்டு தேனியிலும் ராமநாதபுரத்திலும் கிடக்கிறது. வாய் இங்கேதானே இருக்கிறது? காசிமாயன் பெண்டாட்டி கருத்தம்மா, பிறந்து பத்தே நாளான பிள்ளையோடு லாரித் தண்ணிக்கு வரிசையில் நிற்கிறாள். "எங்க பேரையும் எழுதுவாகளா ஆத்தா?" என்று கேட்கிறாள்.

பேர் இல்லாதவருக்குத் தண்ணீர் இல்லை என்பது உனக்குப் பழைய வழக்கம். வாரத்தில் வெள்ளிக்கிழமை நம் கிணற்றிலிருந்து என் காட்டுக்கு இறைத்துக்கொள்ள அப்பன் கொடுத்த முறையை, அவர் கருமாதி முடிந்து எட்டாம் நாள் நிறுத்தினாய். "பட்டாவுல உங்க பேரு இல்லீங்கக்கா" என்று மோட்டார் ரூமைப் பூட்டினாய். என் மிளகாய் நாற்று கருகியது.

வீடு வீடாகத் தலை எண்ணாமல் கையெழுத்துப் போடமாட்டேன்.

வேலாத்தாள்


செங்காட்டூர்
20.2.2004

அன்புள்ள அக்காளுக்கு,

தம்பி ஆத்தப்பன் கும்பிட்டு எழுதுவது. உங்களுக்கு மூட்டுவலி என்பதையே ஊரார் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மார்ச் முடிவதற்குள் இரண்டு கையெழுத்தும் விழாவிட்டால் கம்பெனி வேறு ஊருக்குப் போய்விடும். வந்த சனம் நாளைக்கே கிளம்பிவிடும். அவர்களுக்காக நம் சனத்தைக் காயப்போடலாமா?

பழையதை முடித்துக்கொள்வோம். கார்டுக் கணக்குக்கு ஒப்புக்கொள்ளுங்கள். கிணற்றில் உங்கள் வெள்ளிக்கிழமை முறையைப் பத்திரமாகவே எழுதித் தருகிறேன். கிணறு வற்றிவிட்டது, வாஸ்தவம். உங்களுக்குத் தண்ணீரைவிட எழுத்துத்தானே வேண்டும்?

ஆத்தப்பன்


கரட்டுமேடு
24.2.2004

ஆத்தப்பா,

உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன். வேண்டும்தான். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அந்த எழுத்துக்குத்தான் மனசு அடித்துக்கொள்கிறது.

ஆனால் கருத்தம்மா பேரை அடித்துவிட்டு என் பேரை எழுதிக்கொள்ளச் சொல்கிறாய். நீ எனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்ய வேண்டுமா? முடியாது.

உன் ஊர் நிட்டிங் கம்பெனிகளுக்குப் பின்னால் ஒருநாள் நீயே நடந்து பார். ஆளை அனுப்பாதே.

வேலாத்தாள்


செங்காட்டூர்
18.3.2004

அக்கா,

போனேனுங்க. பத்து நாள் எண்ணினோம். எங்கள் ஊரிலேயே நாலாயிரத்து நூறு பேர் கார்டு இல்லாமல் இருக்கிறார்கள், உங்கள் ஊரைவிட அதிகம். கார்டுக் கணக்கில் வாங்கியிருந்தால் எங்களுக்குத்தான் முதலில் பற்றாமல் போயிருக்கும். ஒரு வீட்டில் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். பாதி டம்ளர் கொடுத்துவிட்டு, "கோவிச்சுக்கிராதீக ஐயா" என்றார்கள். குடிக்க முடியவில்லை.

தலைக்கணக்குப்படி ஒப்பந்தத்தைத் திருத்திவிட்டோம். 29ஆம் தேதி திங்கட்கிழமை கையெழுத்து. உங்கள் வெள்ளிக்கிழமை முறைக்கு எழுதிய பத்திரத்தின் நகலும் இதோடு இருக்கிறது. இதற்கு எந்த நிபந்தனையும் இல்லை. கையெழுத்து முடிந்ததும் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்.

ஆத்தப்பன்


கரட்டுமேடு
23.3.2004

ஆத்தப்பா,

திங்கட்கிழமை வந்து கையெழுத்துப் போடுகிறேன். நீயே போய் எண்ணியது நல்ல காரியம். கருத்தம்மாவிடம் சொன்னேன். "பிள்ளையவும் சேத்தாச்சா?" என்றாள். சேர்த்தாச்சு என்றேன்.

பத்திரத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "என் தமக்கைக்குத் தானமாகக் கொடுக்கிறேன்" என்று எழுதியிருக்கிறாய். தானம் கேட்டு உன் வாசலில் நான் எப்போது நின்றேன்? அப்பன் கொடுத்ததை நீ பிடுங்கினாய். அது அந்தக் காகிதத்தில் எங்கேயும் இல்லை.

அதனால் கையெழுத்துப் போட்டதும் பஸ் ஏறிவிடுவேன். எனக்கு உலை வைக்கச் சொல்லாதே.

"அப்பன் கொடுத்தார், நான் நிறுத்தினேன்" என்று உன் கையால் ஒரு வரி எழுது. முத்திரைத்தாள் வேண்டாம், சாட்சி வேண்டாம். அது என் கைக்கு வந்த அன்றைக்கு, கூப்பிடாமலே வருவேன்.

வேலாத்தாள்