விடை பெறுக

ஈசூன்,
ஞாயிறு காலை

அன்புள்ள யும்னா,

அஸ்ஸலாமு அலைக்கும். ஜொகூரில் அக்கா வீட்டில் எல்லோரும் நலமா? இங்கே உம்மாவுக்கு மூட்டுவலி, ஆனாலும் தேக்கா சந்தைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் இதைத் தட்டச்சு செய்கிறேன். எழுத எழுதக் கணினி எனக்கு வாசித்துக் காட்டுகிறது.

பாலர் பள்ளி ஆசிரியர் படிப்பின் இணையத் தேர்வில் நான் தேறவில்லை என்று தெரிந்ததும் வேலையை விட்டுவிட்டாயாம். உங்கள் ஆபீஸ் முபாரக் சொன்னார். பார்வையில்லாதவர்களால் அந்தத் தளத்தில் படிக்க முடிகிறதா என்று பார்ப்பதுதானே உன் வேலை, அதனால் பழியை நீயே ஏற்றுக்கொண்டாய்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. எல்லாக் கேள்விகளையும் முடித்திருந்தேன். கடைசிப் பொத்தானில் கணினி 'விடை பெறுக' என்றது. கண் தெரிந்தவர்களுக்கு அங்கே தாளை அனுப்பும் படம் இருக்கிறதாம். எனக்கு நீ எழுதி வைத்த பெயர் மட்டும்தான். தாளை அனுப்பிவிட்டுச் சரியான விடைகளைப் பெறும் பொத்தான் என்று நீ நினைத்து எழுதினாய். மேடையில் பேசி முடிப்பவர்கள் விடை பெறுவார்களே, அப்படி வெளியேறும் பொத்தான் என்று நான் நினைத்தேன். அனுப்பும் பொத்தானைத் தேடித் தேடியே நேரம் போய்விட்டது. பூன் லே பாலர் பள்ளியில் எனக்காக வைத்திருந்த வேலை இன்னொருவருக்குப் போனது. அழுதேன், யும்னா.

தேர்வுக்கு முன் என்னைக் கூப்பிட்டுத் தளத்தைச் சோதித்துப் பார்த்த அன்று இது ஏன் தெரியவில்லை? பக்கத்தில் உட்கார்ந்து, 'இதான்டி, அமுக்கு லா' என்றாய். நானும் பெயரைக் கேட்காமலே அமுக்கிவிட்டேன். உதவி செய்வதாக நினைத்தோம்.

உன் இடத்துக்கு வந்தவர், இனி மென்பொருளே எல்லாவற்றையும் சோதிக்கும், ஆள் வேண்டாம் என்கிறாராம். பொத்தானுக்குப் பெயர் இருக்கிறதா, இருக்கிறது, சரி. இப்படித்தான் அது பார்க்கும். அந்தப் பெயர் இன்னும் மாறவில்லை. அடுத்த தேர்வுக்கு என்னைப் போன்றவர்கள் இன்னும் சிலர் பதிந்திருக்கிறார்கள். எங்களில் ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும் என்று அந்த ஆபீஸில் நினைத்தவள் நீ மட்டும்தான். தேர்வு போனதைவிட நீ போனதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

அல்லாஹ் உன் மனத்தை லேசாக்கட்டும். எந்த முகத்தை வைத்துக்கொண்டு முனீராவைப் பார்ப்பேன் என்று அக்காவிடம் புலம்பினாயாம். பைத்தியக்காரி, எந்த முகத்தோடு வந்தாலும் எனக்கா தெரியப்போகிறது? வந்துவிடு.

உன்,
முனீரா