என்சைமும் மூடின இலையும்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி பாலகுரு வணக்கத்தோடு எழுதுவது. முட்டிவலி தேவலையா? நான் கல்லு மாதிரி இருக்கேன்.

உன் மகள் கௌசல்யா டாக்டர் பட்ட வாய்மொழித் தேர்வில் ஜெயிச்சுட்டா. பாதிக் காரணம் நான்தான்.

முந்தின நாள் நம்ம சாப்பாட்டுக்கடைக்கு வந்தவ, "மாமா, இதை எளிமையாச் சொல்ல வரல"ன்னு ஒரு படம் காட்டினா. செல்லுக்குள்ளே ஒரு என்சைம், தன் உடம்பையே மடிச்சு வாயை மூடிக்கிட்டுச் சும்மா கிடக்குது. சேதி கொண்டுவர்ற துணுக்கு வந்து ஒட்டினாத்தான் மடிப்பு விரிஞ்சு வேலை தொடங்குமாம்.

"நம்ம வாழையிலைதான்லா. மூடின இலைக்கு எவன் சோறு போடுவான்? விரிச்சாத்தானே பரிமாறுவோம்"னேன்.

மறுநாள் இலையோடவே போனா. மூணு புரொபசரும் எழுந்து கை தட்டினாங்க. சிரிச்சாங்கன்னுதான் அவ சொல்றா, எனக்குத் தெரியாதா.

ஊர்லேர்ந்து யாராவது இங்கே வந்தா சுண்டைக்காய் வத்தல் கொடுத்தனுப்பு. நேத்து சாப்பிட்டு முடிச்சும் இலையை மூடாம உட்கார்ந்திருந்தேன். பரிமாறுற புனிதா, "இன்னும் என்ன வேணும் அண்ணே?"ன்னா. எங்க அக்கா வச்ச ரசம்னேன்.

கல்லாவில் கூப்பிடறாங்க.

தம்பி பாலகுரு