முகம் தெரியவில்லை

வவுனியா
04.05.2025

அன்புள்ள தம்பி முத்துலிங்கம்,

உன் கால் இப்போது எப்படி இருக்கிறது? பல தடவை தொலைபேசி எடுத்தேன், பதில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். உடையார்கட்டு வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, மகள் யதுர்ஷிகா வீட்டோடு வந்துவிட்டேன்.

ஒரு நல்ல செய்தி. நீதிக்காக உயிரைப் பணயம் வைத்தவர்களை எங்கள் மக்கள் குழு யூலையில் கௌரவிக்கப்போகிறது. முதலாவதாக உன் பெயரைச் சொன்னவன் நான். களவாக ஆற்றுமணல் ஏற்றிய டிப்பருக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாயே, அதை நாலு பேர் அறியவேண்டும். உன் மனைவி ஞானேஸ்வரியையும் கூட்டிக்கொண்டு வா. பொன்னாடையை நானே போர்த்துவேன்.

அன்புடன் அண்ணன்,
தில்லைநாதன்

உடையார்கட்டு
12.05.2025

அன்பின் தில்லை அண்ணை,

கடிதம் கிடைத்தது. என்னை மறக்கவில்லை என்பதே சந்தோஷம். இரண்டு ஊன்றுகோலோடு கிணற்றடி வரைக்கும் போய்வருகிறேன். தோட்டம் முழுவதும் ஞானேஸ்வரியின் தலையில்தான்.

அண்ணை, அன்று நான் தனியே நிற்கவில்லை. நீங்களும் நின்றீர்கள். காலை பத்துமணி வெயிலில், பத்தடி தூரத்தில், என்னைக் கம்பியால் அடித்தவனைக் கண்டீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "நான் கண்டனான். எங்கை கேட்டாலும் சொல்லுவன், நீ பயப்பிடாதை" என்றீர்கள். ஆனால் உங்கள் வாக்குமூலத்தில் 'முகம் தெரியவில்லை' என்று இருக்கிறதாம். சட்டத்தரணி வாசித்துக் காட்டினார். எழுதியவர் பிழையாக எழுதியிருப்பார் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

யூன் 18 வழக்கு. வந்து, கண்டதைச் சொல்லுங்கோ. உங்களை விட்டால் வேறு சாட்சி இல்லை. அதற்குப் பிறகு நீங்கள் கூப்பிடும் எந்த மேடைக்கும் வருகிறேன்.

உங்கள் தம்பி,
முத்துலிங்கம்

வவுனியா
25.05.2025

அன்புத் தம்பிக்கு,

அன்றைய பதற்றத்தில் பொலிஸில் என்ன சொன்னேன் என்பதே நினைவில்லை. வழக்குக்குக் கட்டாயம் வருவேன். நீ என் கூடப்பிறக்கவில்லை, அவ்வளவுதான்.

அழைப்பிதழ் அச்சுக்குப் போகிறது. உன்னுடைய நல்ல படம் ஒன்று அனுப்பு.

அண்ணன்,
தில்லைநாதன்

உடையார்கட்டு
19.06.2025

தில்லைநாதன் ஐயாவுக்கு,

நேற்று நீங்கள் வந்தீர்கள். நீதிமன்ற வாசலில் உங்களைக் கண்டதும் ஞானேஸ்வரி, "வந்திட்டார் பாருங்கோ. நான்தான் அந்த மனிசனைப் பிழையா நினைச்சிட்டன்" என்று கண்ணைத் துடைத்தாள்.

சாட்சிக்கூண்டில் ஏறினீர்கள். அடித்தவர் இங்கே நிற்கிறாரா என்று கேட்டார்கள். அவனைப் பார்த்தீர்கள். பிறகு என்னையும் பார்த்தீர்கள். "தூரத்திலை நிண்டனான். முகம் வடிவாத் தெரியேல்லை." அவன் குனிந்து சிரித்தான்.

வெளியே என்னை ஓட்டோவில் ஏற்றும்போது பின்னால் வந்து, "எனக்குப் பேரப்பிள்ளையள் இருக்குதுகள் முத்து, விளங்கிக்கொள்" என்றீர்கள். விளங்குகிறது. பயம் எனக்கும் இருக்கிறது. 'பயமாக இருக்கிறது, வரமாட்டேன்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் உங்களைக் குறை சொல்லியிருக்கமாட்டேன். வருவேன் என்று நம்பவைத்து, வந்து, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னீர்களே, அதைத்தான் தாங்கமுடியவில்லை.

அழைப்பிதழில் என் பெயரை வெட்டிவிடுங்கள். வெட்டாவிட்டாலும் நான் வரப்போவதில்லை. ஆனால் நீங்கள் மேடையில் என்னைப் பற்றிப் பேசும்போது, கீழே இருக்கும் யாராவது எழும்பி, "அவரை அடிச்சது ஆர்?" என்று கேட்கக்கூடும்.

அவர்களுக்கு என்ன சொல்வீர்கள்?

சி. முத்துலிங்கம்