புகைச்சூட்டு மீட்டர்

4-2-1974

பட்டறைக்காரர் கலியன் அண்ணன் இன்று லாரி இஞ்சினைப் பிரித்தார். மூன்றாவது பிஸ்டனின் தலை உருகி, வெல்லப்பாகு போல வழிந்து உறைந்திருந்தது. நானும் வேலாயுதமும் பார்த்துக்கொண்டு நின்றோம். லாரி எங்கள் இருவருக்கும் பொது. துறைமுக வேலைக்கென்று வெளிநாட்டிலிருந்து வந்து, ஏலத்தில் எங்கள் கைக்கு வந்தது. அவன் திருமுக்கூடல் மணல் ஓட்டுவான். நான் பெங்களூருக்கு அரிசி ஏற்றிப் போய்ப் பட்டு நூல் மூட்டைகளோடு திரும்புவேன். மொகிலி மலைப்பாதையில் என் கையில்தான் அது உயிரை விட்டது.

"இது சும்மா சாவாதுபா," என்றார் கலியன் அண்ணன். "டர்போ விசில் மாறும், உள்ள டக்கு டக்குனு தட்டும். உனக்கு ஒண்ணும் கேக்கலியா?"

"கேட்டுது. எப்படியாவது மேல ஏறிடலாம்னு பாத்தேன்."

வேலாயுதம் என் முகத்தையே பார்த்தான்.

5-2-1974

பொய் சொன்னேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

இஞ்சினின் உறுமல் பாதத்தில் தெரிகிறது. விசில், தட்டல், பின்னால் வரும் வண்டியின் ஹாரன் – மெல்லிய சத்தங்களெல்லாம் எங்கேயோ போய்விட்டன. முகத்துக்கு நேரே பேசினால் உதடு அசைவதைப் பார்த்துப் புரிந்துகொண்டு சமாளிக்கிறேன். தீபாவளிக்கு முன்பு வலது காது. இப்போது இரண்டும். முப்பத்தெட்டு வயதில் இப்படியுமா?

யாரிடம் சொல்வது? சொன்னால் ஸ்டீயரிங்கை விட்டு இறங்க வேண்டும். இறங்கி என்ன செய்வேன்?

7-2-1974

மகள் பிராமி என் முதுகுக்குப் பின்னால் நின்று எத்தனை முறை கூப்பிட்டாளோ. திரும்பிப் பார்த்தபோது அழுதுகொண்டிருந்தாள்.

19-2-1974

கலியன் அண்ணன் சென்னையில் பழைய சாமான் கடையொன்றிலிருந்து ஒரு மீட்டர் கொண்டுவந்தார். ஏதோ கப்பல் இஞ்சினில் இருந்ததாம். ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை அல்ல, புகையின் சூட்டைக் காட்டுவது. புகை அளவுக்கு மேல் சுட்டால்தான் பிஸ்டன் உருகுமாம். பென்சில் கனத்தில் ஒரு கம்பி. அதன் முனை புகைக்குள் இருக்க வேண்டும். மறுமுனையிலிருந்து ஒயர் வந்து மீட்டரில் சேரும். பேட்டரிகூட வேண்டாம், சூடே முள்ளைத் தள்ளும் என்கிறார்.

எங்கே பொருத்துவது என்பதுதான் விஷயம். புகையின் வேகத்தில் சுழலும் டர்போவைத் தாண்டி வைத்தால் புகை ஆறிப்போயிருக்கும், முள் குறைத்துக் காட்டும். அதற்கு முன்னால், இஞ்சினிலிருந்து புகை வந்து சேரும் மேனிபோல்டு குழாயிலேயே துளை போட வேண்டும். வண்டியில் இருக்கும்படியே போட்டுவிடலாமே என்றேன்.

"இரும்புத்தூள் ஒண்ணு உள்ள போச்சுன்னா டர்போ விசிறி பூடும்பா. கழட்டு."

கழற்றினோம். போல்ட்டுகள் துருப்பிடித்து ஒட்டிக்கிடந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து ஒவ்வொன்றாக எடுத்தோம். துளையை நானே போட்டேன். மரை வெட்டி, தூளைத் துடைத்து, காற்றடித்து, மறுபடியும் துடைத்தேன். கம்பியின் முனை குழாயின் நடுவில் நிற்கும்படி விட்டு நட்டை முறுக்கினேன். மேனிபோல்டை ஏற்றியபின் ஒயர் சூட்டில் படாமல் சுற்றுவழியாகக் கொண்டுவந்து ஸ்டீயரிங் பக்கத்தில் மீட்டரை வைத்தோம். ஆயிரத்து இருநூறு டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டினால் சிவப்புக் கோடு.

புதுப் பிஸ்டன் போட்ட இஞ்சினைக் கிளப்பியதும் முள் மெல்ல எழுந்தது. வேலாயுதம் என் முதுகில் தட்டினான்.

24-2-1974

மொகிலி ஏறிவிட்டேன்!

பாதி ஏற்றத்தில் முள் ஆயிரத்து நூறுக்கு வந்தது. ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தி ஒரு கியர் குறைத்தேன். முள் இறங்கியது. மறுபடி ஏறியது, மறுபடி குறைத்தேன். காது சொல்ல வேண்டியதைக் கண் சொல்லிவிட்டது. மேலே போனதும் உடனே நிறுத்தாமல் முள் நன்றாக இறங்கும்வரை இஞ்சினை ஓடவிட்டேன். உட்கார்ந்தபடியே அழுதேன். இன்னும் பத்து வருஷம் ஓட்டலாம் என்று தோன்றுகிறது.

2-3-1974

மனைவி மதனவதி சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்: "டாக்டராண்ட போலாம் வாங்களேன். நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்." அவளிடம் எரிந்து விழுந்தேன். எனக்கு ஒன்றுமில்லை என்றேன்.

11-3-1974

எழுத முடியவில்லை.

13-3-1974

பிள்ளையார்பாளையத்தில் நூல் குடோன். சந்து குறுகல். நான் வண்டியைப் பின்னுக்கு எடுத்தேன். வேலாயுதம் பின்னால் நின்று வழி சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணாடியில் அவன் கை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. ஒதுங்கியிருப்பான் என்று நினைத்தேன்.

எதிர்வீட்டுத் தில்லையம்மாள் பாவு நூலைப் போட்டுவிட்டு வண்டிக்கு முன்னால் ஓடிவந்து இரண்டு கையையும் ஆட்டினாள். அவள் வாய் திறந்திருந்தது. அப்போதுதான் பிரேக்கை மிதித்தேன். இறங்கிப் பின்னால் போனால் – சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் அவன் கால்.

"அந்தாளு கத்திக்கினே இருந்தாரே," என்று என் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். "தெருவே கேட்டுதேயா. உனக்குக் கேக்கலியா?"

இடது கால். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

புகையின் சூட்டைப் பார்க்கக் கருவி வைத்தேன். பின்னால் நிற்கிற மனுஷனுக்கு என்னத்த வெச்சேன் நான்? என்னத்த வெச்சேன்?

14-3-1974

ஆஸ்பத்திரி வாசல்வரை போனேன். உள்ளே போகவில்லை.

20-3-1974

இன்று போனேன். வேலாயுதத்தின் தாயார் பூவம்மாள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய்விட்டார். அது நியாயம்தான்.

கட்டிலருகே நின்று, "எனக்குக் காது..." என்று ஆரம்பித்தேன். மேலே வரவில்லை.

அவன் என் கையைப் பிடித்து இழுத்து, தன் முகத்துக்கு நேரே உட்காரவைத்தான். நிதானமாகப் பேசினான்.

"தெரியும்பா."

"என்ன தெரியும்?"

"பொங்கலுக்கு முன்னாடியே தெரியும். நீயா சொல்லட்டும்னு இருந்தேன். மீட்டர் இன்னாத்துக்கு வந்துதுன்னு நெனைச்ச? நாந்தான் கலியன் அண்ணனத் தேடி எடுத்தாரச் சொன்னேன்."

"தெரிஞ்சுமாடா வண்டிக்குப் பின்னால நின்னே?"

"கண்ணாடில தெரியற மாதிரிதான் எப்பவும் நிப்பேன். அன்னைக்குக் கால் வழுக்கிட்டுது. வண்டிய ஒரு தட்டுத் தட்டியிருந்தாக்கூட நீ நிறுத்தியிருப்ப. எனக்குத் தோணலப்பா. கத்தத்தான் தோணுச்சு."

அதற்குப் பிறகு அவன் அழுதான். நானும் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

22-3-1974

மதனவதியோடு டாக்டரிடம் போனேன். காது நரம்பு கெட்டுவிட்டது, இனித் திரும்பாது என்று அவளிடம் சொன்னார். அவள் அதைத் தாளில் எழுதிக் காட்டவில்லை. என் கண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். போதுமாக இருந்தது.

5-4-1974

இனி ஓட்டுவதில்லை.

16-5-1974

கலியன் அண்ணன் பட்டறையில் வேலை. போல்ட்டு, நட்டுக்குக் காது வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொரு வண்டி கிளம்பும்போதும் பாதம் தானாக ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறது. என்ன செய்ய? சாயங்காலம் ஏனாத்தூர் போய் வேலாயுதத்தைக் கட்டைக்காலில் நடக்கப் பழக்குகிறேன். பூவம்மாள் எனக்குத் தண்ணீர் தருகிறார். இன்னும் பேசவில்லை.

9-8-1974

லாரி மறுபடி பெங்களூர் போகிறது. ஓட்டுவதற்கு அர்ஜுனன் என்று மாகறல் ஆளைப் போட்டிருக்கிறோம். தானும் கூடவே போவதாக வேலாயுதம் பிடிவாதம். கட்டைக்காலோடு எப்படியோ ஏறி உட்கார்ந்துவிட்டான்.

பட்டறையில் நான்கு வண்டிகள் ஒன்றாக உறுமிக்கொண்டிருந்தன, தரை அதிர்ந்தது. லாரி நகர்ந்தபோது வேலாயுதம் ஜன்னல் வழியே தலையை நீட்டி என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் காதில் கை வைத்துக்கொண்டு "இன்னாது? இன்னாது?" என்றார்கள். ஒருவருக்கும் கேட்கவில்லை. லாரி தெருமுனையில் திரும்பிவிட்டது.

கலியன் அண்ணன் என் முன்னால் வந்து நின்று, "இன்னாபா சொன்னான் அவன்?" என்றார்.

எங்கள் வீட்டார் ஜைனர்கள், பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. வேலாயுதம் வரட்டும், சேர்ந்து சாப்பிடலாம் என்று காத்திருந்து எத்தனையோ நாள் வெறும் வயிற்றோடு படுத்திருக்கிறேன்.

"எனக்காகக் காத்துக்கினு இருக்காத, வெளிச்சத்துலயே சாப்பிட்டுடுன்னான்," என்றேன்.