பாரிஸில் ஸ்டேஷன் மாற வேண்டுமாம்

குன்வோர்,

நீ ஆஸ்பத்திரி வேலை முடிந்து வருவதற்குள் நான் ரயிலேறியிருப்பேன். நாளைக்குத்தானே பயணம் என்று திட்டாதே. விமானப் புகை பூமியைக் கெடுக்கிறது, இனி விமானமே ஏறமாட்டேன் என்று சபதம் போட்டு, மகள் கல்யாணத்துக்கு மால்மோவிலிருந்து பார்சிலோனா வரை ரயிலிலேயே போக, குளிர்காலம் முழுக்கத் திட்டம் தீட்டிய மேதை நான். பாரிஸில் வந்து இறங்கும் ஸ்டேஷன் வேறு, அடுத்த ரயில் கிளம்பும் ஸ்டேஷன் வேறு என்பதை இன்று காலையில்தான் கவனித்தேன். இன்றே கிளம்பினால்தான் தப்பிப்பேன்.

“உங்க ரயில நம்பினா பேத்தி கல்யாணத்துக்குத்தான் போய்ச் சேருவீங்க, நான் விமானத்துலயே போறேன்” என்று நேற்று நீ சொன்னதும், கதவை அறைந்து சாத்தினேன் அல்லவா? கைப்பிடி கழன்றுவிட்டது. மாட்டி வைத்திருக்கிறேன், மெதுவாகத் திற.

பட்டாணி சூப் அடுப்பில் இருக்கிறது. கல்யாணத்துக்குப் போடவேண்டிய என் கோட்டை உன் பெட்டியில் வை. நான் வந்து சேராவிட்டால் அதை நாற்காலியில் மாட்டிப் போட்டோ எடுங்கள். பெரிய வித்தியாசம் தெரியாது.

தூரெ

பி.கு.: விமானம் மேலே எழும்பும்போது என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாயே, பூமியைக் காப்பாற்றக் கிளம்பியவனுக்கு அது ஷூ மாட்டும்போதுதான் நினைவுக்கு வருகிறது. பக்கத்து சீட்டுக்காரர் கையைக் கேட்டுப் பிடித்துக்கொள். கோபித்துக்கொள்ள மாட்டேன். பார்சிலோனா வரை பொறாமைப்பட்டுக்கொண்டே வருவேன், அவ்வளவுதான்.