வேண்டாமென்ற மீன்பாடு

22.4.2001, ஞாயிறு

படுத்தும் தூக்கம் வரவில்லை.

தேர்தலுக்குத் தேர்தல் எங்கள் குப்பம் ஒரு நாள் மீன்பாட்டை விற்று எம்.எல்.ஏ.வின் செலவுக்குக் கொடுக்கும். பணத்தை நான்தான் கொண்டுபோவேன். இறால் பண்ணையால் எங்கள் கிணறெல்லாம் உப்பானபோது சட்டசபையில் எங்களுக்காகக் கத்தியவர் அவர். இந்த முறையும் போனேன்.

"இந்த வாட்டி உங்க துட்டு வேணாம்பா, நீங்களே வெச்சிக்கோங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேன். அந்தப் பணத்திலேயே அவருக்கு ஆளுயர மாலை வாங்கினோம்.

இன்று ஓட்டுக் கேட்டு வந்தார். மாலையை நான்தான் போட்டேன். அவர் தெருவுக்குள் போனதும் ஜீப் டிரைவரைக் கவனித்தேன். இறால் பண்ணையில் வண்டி ஓட்டுகிறவன்.

"நீ இன்னாடா இங்க?"

"தெரியாதா அண்ணாத்த? இந்த வாட்டி மொத்த செலவும் எங்க மொதலாளிதான்."

ராத்திரி வீட்டுக்கு வந்தேன். சோறு போடும்போது என் மனைவி சொன்னாள்: "எம்மாம் நல்ல மனுசன்! நம்ம துட்டக்கூட வாங்கலியே."

நான் சொம்பை எடுத்துக் குடித்தேன். தண்ணீர் கரித்தது.