மசாய் மாராவும் உங்கள் திதியும்

என் செல்ல அப்பாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. நாங்கள் கென்யாவுக்குப் போகிறோம், ஓகஸ்ட் விடுமுறையில், மசாய் மாராவுக்கேதான். வில்டபீஸ்ட் மான்கூட்டம் ஆறு கடப்பதைப் பார்க்க வேண்டும் என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள்? "நானும் அகதியா வரேக்கை போலந்திலை ஆறு கடந்தனான், அதுகளை மாதிரித்தான், விசா இல்லாமல்" என்று சொல்லி நீங்களே முதலில் சிரிப்பீர்கள். இடம் மாரா, அப்பா மாறார் என்று நான் அறுப்பேன்.

நீங்கள் போனபிறகு அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுக்கவில்லை. பங்குனியில் ஒருநாள் அம்மாதான் சொன்னா: "அப்பாவின்ரை ஆண்டுத் திவசம் முடிய, போவம். நீயே பார்த்து புக் பண்ணு." வேலையும் கோயிலும் தவிர ஒரு இடமும் போகாத அம்மா, அப்பா. அவவின் வாயில் "போவம்".

விடுவேனா? முகாம், ஜீப், மஞ்சள் காய்ச்சல் ஊசி, எல்லாம் நான்தான். சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று முகாமுக்கு எழுதினேன். எங்கள் யானைகளும் சைவம்தான் என்று பதில் வந்தது. நீங்கள் போன திகதிக்கு மூன்று நாள் கழித்து விமானம்.

போன கிழமை கோயிலில் ஒரு ஆன்ரி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தா: திவசம் திகதிக்கு இல்லை, திதிக்குத்தான். வீட்டுக்கு ஓடிவந்து குசினிக் கலண்டரைப் பார்த்தேன். நீங்கள் போனது தசமியில். அந்தத் தசமி, நாங்கள் காட்டில் நிற்கும் இரண்டாம் நாள். திதி எனக்குப் பீதியாகிவிட்டது. அம்மா இதை நிற்பாட்டினால், இன்னொரு தரம் "போவம்" என்று சொல்லுவாவா?

மூன்று நாள் ஒளித்துவைத்தேன். வெள்ளிக்கிழமை, அம்மா புட்டுக்கு மா குழைக்கும்போது சொன்னேன். அவ திரும்பவேயில்லை.

"உன்ரை பகிடிக்கு நான் இனி எடுபடமாட்டன்."

அவவில் பிழை இல்லை. அவவின் போனுக்குச் சிங்கத்தின் உறுமலைப் போட்டுவிட்டது நான்தான். அது டொக்டரின்ரை இடத்தில் வைத்து உறுமியிருக்கிறது.

"அம்மா, உண்மையாத்தான். நான் அழுதிடுவன்."

மா ஒட்டிய கையோடு வந்து கலண்டரைப் பார்த்தா.

"இது தேய்பிறைத் தசமியெல்லோ."

"அதுக்கு?"

"அப்பா போனது வளர்பிறையிலை. அண்டைக்குப் பின்னேரமே ஆசுப்பத்திரி ஜன்னலிலை நிலவு நிண்டது. தேய்பிறை நிலவெண்டால் சாமத்திலைதான் வரும். நீதானே காட்டினனீ."

கலண்டரை ஜூலைக்குத் திருப்பி ஒரு இடத்தில் விரலை வைத்தா. விமானத்துக்குச் சரியாக இரண்டு கிழமை முதல்.

"இதுதான் அப்பாவின்ரை திதி. ஐயரிட்டையும் சொல்லிப்போட்டன். என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமெல்லோ, மொக்கு."

மொக்கு என்ற சொல் இவ்வளவு இனிக்கும் என்று எனக்குத் தெரியாது. அண்டைக்கு இரண்டு கோப்பை புட்டுச் சாப்பிட்டேன். அம்மா எதிரில் இருந்து, அங்கை குளிருமோ, சிங்கம் ஜீப்புக்குக் கிட்ட வருமோ என்று கேட்டுக்கொண்டேயிருந்தா. நீங்கள் இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன், அப்பா. ஜீப்பில் நான் அம்மாவுக்குப் பக்கத்திலேயே இருப்பேன். பயந்தால் கையைப் பிடிப்பேன். பயப்படாவிட்டாலும் பிடிப்பேன்.

உங்கள் குழப்படி மகள்,
யாழினி